ஆடிக்காற்றில் ஒரு பூப்பந்து

சனிக்கிழமை விடியற்காலையில் ஓசூரில் சேலம் பேருந்து ஏறியபோது என் பையிலிருந்து பூப்பந்து மட்டையின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மேட்ச்சா தம்பி?" என்றார் நடத்துனர்.

"ஆமாண்ணே, மதுரைப் பக்கம்."

"ஏன், ஓசூர்ல ஆடுனா பந்து வேணாம்னு சொல்லுதா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.

பதில் என்னிடம் இருந்தது. யூசுப் வியாழக்கிழமை ஷார்ஜாவுக்குப் போகிறான். ஏ.சி. மெக்கானிக் வேலை, முதல் இரண்டு வருடம் ஊர்ப்பக்கம் வர முடியாது. கல்லூரியில் முதல் வருடத்தில் தொடங்கி இன்றுவரை அவனும் நானும் ஒரே அணியின் பின்வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் அதுவும் முடிந்தது. அந்த ஓர் ஆட்டத்தை முழுசாகக் கண்ணில் வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்பதற்காகத்தான் நானூறு கிலோமீட்டர் பயணம்.

சேலத்தில் பேருந்து மாறி, நாமக்கல், கரூர், திண்டுக்கல் தாண்டி, பிற்பகல் மூன்று மணிக்கு விளாங்குடியில் இறங்கினேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தது. "வழியில என்னய்யா பாத்த? சொல்லு."

இந்தக் கேள்விக்குச் சின்ன வயதிலிருந்தே பதில் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், சார் என்ன சொன்னார், சுவரொட்டியில் என்ன போட்டிருக்கிறது, பேருந்தில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று அப்பாவும் அம்மாவும் மாறி மாறிக் கேட்பார்கள். அதனால் எதைப் பார்த்தாலும் பிறகு சொல்வதற்காகவே பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பயணக்கட்டுரை எழுத அது நல்ல பழக்கம். மறுநாள் காலையில் அதுவே என் காலை வாரியது.

ஞாயிறு, காலை ஐந்தே கால். கோரிப்பாளையத்திலிருந்து யூசுப் வண்டியில் வந்து வாசலில் ஹாரன் அடித்தான்.

"என்னடா மாப்ள, ஓசூர் தண்ணி நல்லா ஒத்துக்கிருச்சு போல. இம்புட்டுத் தொப்பைய வச்சுக்கிட்டு எங்கிட்டு ஓடப் போற?"

"நீ ஓடு. நான் நின்னுக்கிட்டே அடிக்கிறேன்."

காளவாசல் வந்து தேனி ரோட்டைப் பிடித்தோம். நாகமலைப் புதுக்கோட்டையில் ஒரு டீ, பதினைந்து ரூபாய். அங்கே கே.கே. நகர் முருகேசன் அண்ணன் எங்களுக்காக நின்றிருந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், எங்கள் கேப்டன். அவர் கடையில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவரும் கூட வந்திருந்தார்கள். ஆக ஐந்து பேர். பூப்பந்து அணிக்கு அவ்வளவுதான் ஆள்.

வலப்பக்கம் நாகமலை கூடவே வந்தது. முதுகில் இளவெயில், முகத்தில் ஆடிக்காற்று. யூசுப்பின் சட்டை காற்றில் உப்பி என் மூக்கில் அடித்தது. இதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். செக்கானூரணி தாண்டி மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால், கண்மாய்க்கரையை ஒட்டி, எங்களோடு மோதுகிற ஊரின் ஆடுகளம். தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டித் தயாராக இருந்தது.

பூப்பந்து ஆடிப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பந்து மஞ்சள் கம்பளி நூலால் ஆனது, உள்ளங்கைக்குள் அடங்கும். தரையில் விழுமுன் ஒரே அடியில் வலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். காற்று அதைச் சும்மா விடாது. அன்று மேற்கிலிருந்து அடித்தது. யூசுப் மேற்கு மூலை, நான் கிழக்கு மூலை. அவனுக்கென்று அடித்த பந்து பாதி வானத்தில் மனசு மாறி என்னிடம் வந்துவிடும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயிக்கிற அணிக்கு எவர்சில்வர் அண்டா. தோற்கிற அணிக்கு அன்று ஆடிய பந்து, எடுத்துப்போய்ப் பழகுவதற்கு. வருடந்தோறும் ஆடியில் வருகிறோம். முருகேசன் அண்ணன் கடையில், இருமல் மருந்து வரிசைக்கு மேலே, நான்கு பந்துகள் இருக்கின்றன.

நடுவர் ஒச்சப்பன் அண்ணன் களத்தின் ஓரத்திலேயே கை நீட்டினார். "வாங்க வாங்க. பந்து வாங்கிட்டுப் போக வந்தாச்சா?"

"இந்தத் தடவ அண்டாதாண்ணே. கட்டுறதுக்குக் கயிறோட வந்திருக்கோம்" என்றான் யூசுப்.

"அந்தக் கயித்துல பந்தக் கட்டித் தொங்க விட்டுக்க."

ஆறேகாலுக்கு ஆட்டம் தொடங்கியது. ஒரே ஆட்டம், முதலில் இருபத்தொன்பது எடுப்பவர்களுக்கு வெற்றி. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். கண்மாய்க்கரைக் கருவேலத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த பையன்களை, வலையின் கிழிந்த ஓரத்தை, எல்லாவற்றையும்விட யூசுப்பை. பந்துக்குப் பின்வாங்கும்போது அவன் இடது தோள் முதலில் இறங்கும். அடிக்குமுன் நாக்கு நுனியைக் கடிப்பான். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் இதைப் பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பந்து காற்றில் நழுவி என் காலடியில் விழும். திரும்பவும் விழும். பதினொன்றுக்கு இருபது என்று பின்தங்கினோம்.

யூசுப் மட்டையைத் தரையில் ஊன்றினான். "என் மூஞ்சில என்னடா எழுதிருக்கு?"

நான் குனிந்து பந்தை எடுத்தேன். அவன் விடவில்லை.

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாத்துக்கிட்டே இருக்க. பந்தப் பாருடா."

"இனிமே எப்ப..." என்று தொடங்கினேன்.

"நான் இன்னும் போகல மாப்ள. இங்கதான் நிக்கிறேன்." முகத்தை ஒருமுறை கண்மாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். உடனே சத்தம் போட்டான். "நீ என்னைய வழியனுப்புறதுக்கு வந்தியா, ஏங்கூட ஆடுறதுக்கு வந்தியா?"

ஒச்சப்பன் அண்ணன் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "பேசி முடிச்சாச்சுன்னா சொல்லுங்கப்பா, பந்தப் போடச் சொல்றேன்."

அதற்குப் பிறகு நடந்ததை வாசகர்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும். முடியவில்லை. மஞ்சளாக ஒன்று வந்தது, போனது. நடுவில் விழும் பந்துக்கு 'எனக்கு', 'உனக்கு' என்று கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவன் விட்டால் நான் எடுப்பேன். அவன் விட்டானா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் இருக்கிறான் என்பது உடம்புக்குத் தெரிந்தது, அதுவரை அன்று தெரியாத அளவுக்கு. நினைவில் இருப்பது அவ்வளவுதான்.

"இருவத்தேழுக்கு இருவத்தேழு!" என்றார் நடுவர்.

"அண்ணே, இன்னும் ரெண்டே ரெண்டு!" என்று கத்தினான் முன்வரிசைத் தம்பி. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மேடையில் பளபளத்த அண்டாவைப் பார்த்தோம். அடுத்த பந்து முருகேசன் அண்ணனின் மட்டையிலிருந்து வலைக்குள் போனது. அதற்கடுத்ததை நானே கோட்டுக்கு வெளியே அடித்தேன்.

ஒச்சப்பன் அண்ணன் பந்தைத் துடைத்து யூசுப் கையில் வைத்தார். "பழகிட்டு அடுத்த ஆடிக்கு வாங்க." அவன் போவது அவருக்குத் தெரியாது. "வாரோம்ணே" என்றான் யூசுப்.

திரும்பும் வழியில், கருமாத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு லாரி கடந்ததும் கேட்டேன். "பதினொண்ணுலருந்து இருவத்தேழுக்கு எப்படிடா வந்தோம்?"

கொஞ்சதூரம் யோசித்தான். "தெரியல மாப்ள. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல."

அவன் முதுகு சிரிப்பில் குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

மதியம் கோரிப்பாளையத்தில் அவன் வீட்டில் நெய்ச்சோறு. அவன் அம்மா எனக்கு மூன்றாவது முறை பரிமாறியது. கூடத்தில் பெட்டி திறந்தபடி இருந்தது. விமான நிலையத்தில் அடையாளம் தெரிய, கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். "நீயாச்சும் மாசத்துக்கு ஒருக்கா வந்து எட்டிப் பாத்துட்டுப் போய்யா" என்றது. சரி என்றேன். ஓசூரிலிருந்து அது எவ்வளவு நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

மாலை ஐந்து மணி, ஆரப்பாளையம் பேருந்து நிலையம். சேலம் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஓசூரில் எனக்கு எல்லாம் இருக்கிறது: வேலை, அறை, தொழிற்சாலை வளாகத்தில் விளக்குப் போட்ட இறகுப்பந்து அரங்கம். நான்கு சுவருக்குள் காற்று வராது. அடித்த பந்து அடித்த இடத்துக்கே போகும். ஒருவருக்கென்று அடித்த பந்து இன்னொருவரிடம் வந்து சேராது.

யூசுப் கீழே நின்றான். கையில் மட்டை இருந்தது. சட்டைப்பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்து, மட்டையால் மேலே தட்டத் தொடங்கினான். விழும், தட்டுவான். நடத்துனர் விசில் கொடுத்தார். அவன் தட்டுவதை நிறுத்தவில்லை. வண்டி பின்னால் வந்து திரும்பியது. மஞ்சள் பந்து பக்கத்துப் பேருந்தின் கூரைக்கு மேலே ஒருமுறை எழும்பியது, இன்னொரு முறை எழும்பியது. பிறகு கூரை மட்டும் தெரிந்தது.

விளாங்குடியைத் தாண்டும்போது அம்மாவுக்குப் போன் செய்தேன். பேருந்து ஏறிவிட்டேன் என்றேன்.

"யூசுப்பு வந்திருந்தானா? மொகம் எப்படிய்யா இருந்துச்சு, அழுதானா?"

"தெரியலம்மா" என்றேன். "பந்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்."