ஐந்தாம் மாடியில் ஆள் இருக்கு

ஏணி என்கிற பேரை நான் முதலில் கேட்டது எங்கள் சின்னம்மா வாயால்தான். தன் கொழுந்தனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவள், “பொண்ணு ஏணி கணக்கா இருக்கா, பரண்ல கை வைக்க ஸ்டூல் வேண்டாம்” என்றாள். அன்று ஒட்டிய பேர், பெற்றவர்கள் வைத்த பேரையே தின்றுவிட்டது.

ஏணிக்கு மின்சார ஆபீசில் வேலை. இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து நோட்டில் எழுதினாள். எந்த நாய் குரைக்கும், எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் கடிப்பார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே ஒரு கட்டடம்தான் அவளுக்கு ஆகாது. ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது, மீட்டர் அந்தந்த வீட்டு வாசலில். முழங்கால் தேய்ந்த பிறகு மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துகொண்டு, மேலே உள்ள வீடுகளுக்கெல்லாம் ‘டோர் லாக்’ என்று எழுதி, ஒரு உத்தேச எண்ணையும் போட்டுவிடுவாள். அவள் மட்டுமா? அந்த ஆபீசில் யாரைக் கேட்டாலும் மேல்மாடி என்றால் பூட்டுதான்.

அவள் ஓய்வு பெற்று மூன்று வருஷம் கழித்து, தனிக்கட்டையான அவள் நாத்தனார் அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குக் குடிவந்தாள். நுரையீரல் கெட்டுப்போனவள். கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்தான் அவளுக்கு மூச்சு. அந்தக் கோடையில் மத்தியானம் ஆனால் கரண்ட் போக ஆரம்பித்தது. மெஷின் கத்தும், நாத்தனார் உதடு நீலமாகும், பகலில் துணைக்கு வந்து இருக்கும் ஏணி எழுந்தோடி சிலிண்டரை மாட்டுவாள்.

“நான் போய்ட்டா உனக்கு நிம்மதிதானே, அண்ணி.”

“முதல்ல உன் வாயை அனுப்பு. உடம்பு மெதுவாப் போகட்டும்.”

ஒருநாள் மாட்டிவிட்டு இறங்கினால், இரண்டாம் மாடியில் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலும் ஐந்தும் மட்டும் இருட்டு. இது என்ன கூத்து என்று நேரே ஆபீசுக்குப் போனாள்.

இன்ஜினியர் புதுசு. “லோடு ஏறினா, இப்ப மாட்டியிருக்கிற புது மீட்டர் வழியா, பகல்ல ஆள் இல்லாத வீட்டைத்தான் கம்ப்யூட்டர் முதல்ல நிறுத்தும்மா. அதோட முடிவுல நாங்க கை வைக்கிறதில்ல.”

“ஆள் இல்லைன்னு அதுக்கு யார் சொன்னா?”

“இருபது வருஷ நோட்டைப் படிச்சு அதுவே கத்துக்கிட்டது.”

திரையைத் திருப்பிக் காட்டினார். டோர் லாக், டோர் லாக், டோர் லாக். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவளுடைய ஊழியர் எண். பேசாமல் எழுந்து வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

“இதை எழுதினது நான்தான். அத்தனையும் பொய்” என்றாள்.

இன்ஜினியர் கதவைச் சாத்தினார். “வெளிய சொல்லிடாதீங்கம்மா, பென்ஷனை நிறுத்திடுவாங்க. உங்க நாத்தனார் வீட்டை மட்டும் லிஸ்ட்ல இருந்து எடுத்துடறேன்.”

“எதிர்வீட்டுல ஒரு பெரியவர் கை கால் விழுந்து கிடக்கார். அவரை யார் எடுப்பா? உங்க ரூமுக்கு வழி தெரியாதவங்களை யார் எடுப்பா?”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

“எந்த வீடு, எதனால நிறுத்துறீங்கன்னு வாசல்ல ஒட்டுங்க. ஆள் இருக்குன்னு வந்து சொல்றவங்க வீட்டை, நேர்ல போய்ப் பார்க்காம நிறுத்தாதீங்க. நான்தான் படி ஏறல. உங்க மெஷினுக்குக் காலே இல்லை, அது எங்க ஏறப்போகுது?”

அங்கேயே ஒரு தாள் வாங்கி, தான் செய்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விஷயம் பரவியதும் கூட வேலை பார்த்தவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். “உன் சோத்துல மண்ணைப் போட்டுக்கோ, எங்க சோத்துல ஏண்டி போடுறே?” என்று கத்தினார்கள். “பொய் எழுதின கைதானே, மண்ணைத் திங்கட்டும்” என்று ஏணி கதவை அடைத்தாள்.

மறுநாள் மேல்மாடிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். பெரிய அதிகாரி வந்து, போலீசைக் கூப்பிடுவேன் என்றார். “கூப்பிடுங்க. அவங்க வீடும் லிஸ்ட்ல இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றாள். பதினோராம் நாள் பட்டியலை வாசலில் ஒட்டினார்கள். ‘ஆள் இல்லை’ என்று போட்டிருந்ததில் முந்நூற்றுச் சொச்சம் வீட்டுக்காரர்கள் வரிசையில் வந்து நின்று, இருக்கிறோம் என்றார்கள்.

அவள் மேல் விசாரணை இன்னும் முடியவில்லை, பென்ஷனும் வரவில்லை. ஏணி இப்போது ஐந்தாம் மாடியில், மத்தியானமும் நிற்காமல் சுற்றும் ஃபேனுக்கடியில், நாத்தனாரோடு இருக்கிறாள்.