இசக்கிசெல்வி கழற்றிய போல்ட்

உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் வெள்ளத்துரைக்கு, மகள் இசக்கிசெல்வி மெக்கானிக்கல் படித்ததில் சம்மதமே இல்லை. "பேசாம பேங்க் பரீட்சை எழுதுளா" என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. நீளவாக்கில் இழுத்தபோது பெரும்பளுவைத் தாங்கிய இரும்புக் கம்பி, குறுக்கே வெட்டும் விசை வந்ததும் அதைவிடக் குறைந்த பளுவிலேயே துண்டாகிப் போனதைக் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் பார்த்தவள் அவள். இதுதான் தன் வேலை என்று அன்றே முடிவு செய்திருந்தாள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியில், பளு தூக்கும் சாமான்களைச் சோதிப்பது அவள் பொறுப்பு. அன்று காற்றாலை இறக்கை ஒன்றைக் கப்பலில் ஏற்ற வேண்டும். கிரேன் கொக்கியில் தொங்கிய ஷேக்கிள் என்னும் இரும்பு வளையத்தின் வாயை மூடும் பின் என்ற உருட்டு ஆணியைக் காணோம். அதற்குப் பதில் யாரோ சாதாரண போல்ட்டைச் செருகியிருந்தார்கள்.

"அதே தடிமன்தானம்மா. தூக்கச் சொல்லு" என்றார் மேனேஜர் செந்தூர்வேல்.

"தடிமன் ஒண்ணுதான் சார். ஆனா நடுவுல பளு கீழ இழுக்கும், ரெண்டு ஓரமும் மேல இழுக்கும். கத்தரிக்கோல் மாதிரி குறுக்க வெட்டும். வெட்டு விழுத எடத்துல இதுக்குத் திருகு மரை ஓடுது. அங்கன இரும்பே கம்மி."

"கப்பல் நிக்கு. பாடம் நடத்தாத."

அவள் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "இப்ப தூக்குங்க, பாப்போம்."

கத்தித் தீர்த்தபின், அதே போல்ட்டைத் திரும்பச் செருகி, இறக்கையின் எடைக்கு மணல் மூட்டைகளைத் தூக்கிப் பார்க்க அவர் ஒத்துக்கொண்டார். கீழே யாரும் நிற்கக் கூடாது என்றாள் அவள். மூட்டைகள் ஏறின, இறங்கின. போல்ட் முறியவில்லை. செந்தூர்வேல் கைதட்டிச் சிரித்தார். அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் போய், போல்ட்டைக் கழற்ற நட்டைத் திருகினாள். அசையவில்லை. சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. போல்ட் வளைந்து, மரை நசுங்கியிருந்தது.

"முறியலன்னா தாங்கிட்டுன்னு அர்த்தமில்ல சார். இறக்கை ஆடாம கீழ நின்னு கயிறு பிடிக்கது பர்னபாஸ் அண்ணன். அந்த எடத்துல நீங்க நிப்பீங்களா?"

செந்தூர்வேலுக்கு முந்திக்கொண்டு பர்னபாஸ் பேசினார்: "நான் நிக்க மாட்டேன் சார்." கயிறு பிடிக்கும் மற்றவர்களும் கயிற்றைக் கீழே போட்டார்கள். சாயங்காலம் பக்கத்துக் கப்பல் தளத்திலிருந்து சரியான பின் வந்த பிறகே இறக்கை ஏறியது.

மறுவாரம் அவளை, தூக்கும் சாமான்களை அடுக்கி வைக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். தண்டனைதான், அவளுக்கும் தெரியும். போன முதல் நாளே, ஷேக்கிள்களில் பின்னுக்குப் பதிலாகக் கிடந்த போல்ட்டுகளையெல்லாம் பொறுக்கி, கேஸ் கட்டரை வைத்துத் துண்டு துண்டாக வெட்ட ஆரம்பித்தாள்.

"யாரக் கேட்டு வெட்டுத?" என்று ஓடிவந்தார் செந்தூர்வேல்.

"ஸ்டோர்ல சாமான் சரியா இருக்கான்னு பாக்கது இப்ப என் வேலை. யாரையும் கேக்கணுமா சார்?"

தீப்பொறி படாமல் மாட்டியிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அடுத்த போல்ட்டை எடுத்தாள்.