மூணுக்கு ரெண்டு

எங்கள் நைனாவுக்குச் சீட்டாட்டத்தில் கைராசி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நன்றாகவே ஜெயிப்பார். ஜெயித்ததும் எழுந்து வரத்தான் தெரியாது. விட்டதெல்லாம் கைக்கு வந்த பிறகும் உட்கார்ந்திருந்து, வெறுங்கையோடு வீடு திரும்புவார். ஆனால் பக்திக்குக் குறைவில்லை. முதல் சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் பார்க்க மாட்டார். எங்கள் ஊர் மலைக்கோயிலில் திருநீறு வாங்கும்போதுகூட அவரிடம் அத்தனை பயபக்தியை நான் கண்டதில்லை.

எழுபதுகளில் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்யும் மாமா மகன். சின்ன வயதிலிருந்தே நான் முறை வைத்துப் பாவா என்று கூப்பிட்டவர். எனக்கு அவர்தான் வேண்டும். அம்மாவுக்கும் சம்மதம். ஆனாலும் அம்மா வீட்டு வழக்கப்படி சாமியிடம் பூ கேட்டுத்தான் முடிவு. சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் வெள்ளை அரளியை இன்னொன்றிலும் மடித்து சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் கல்யாணம். வெள்ளை வந்தால் பேச்சே கிடையாது.

அடிவாரத்து அம்மன் கோயிலில் பூசாரியின் சின்ன மகள் எடுத்தாள். எடுப்பதற்குக் கூலி ஒரு கற்கண்டு. பிரித்தால் வெள்ளை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நைனா மட்டும் காலை மாற்றிப் போட்டுச் சம்மணமிட்டார். "ஆங், மொத ஆட்டம் அம்மனுது. கலைச்சிப் போடுங்க."

"இன்னாங்க இது? அம்மன் ஒரு தபா சொன்னா சொன்னதுதாங்க" என்றார் பூசாரி.

"மொத ஆட்டத்தோட எவனாவது எழுந்து போவானா? மூணுக்கு ரெண்டு. அம்மனுக்கு இதுகூடவா தெரியாது?"

பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டே கலைத்தும் போட்டார். அவருக்கும் பார்க்க ஆசைதான். இரண்டாவது சிவப்பு. மூன்றாம் தடவை எடுத்த பொட்டலத்தை நைனாவே வாங்கி, சீட்டைப் போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். சிவப்பு! கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

கற்கண்டு ருசி கண்ட அந்தக் குழந்தை, "இன்னொண்ணு எடுக்கட்டா?" என்று கையை நீட்டியது. நைனாவின் கண் அந்தக் கையோடேயே போனது. எங்களுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை அது. அம்மாவும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

நைனா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "போதும்மா. வாங்க, வூட்டுக்குப் போலாம்."

ஜெயித்த ஆட்டத்திலிருந்து அவர் எழுந்து வந்தது அந்த ஒரு நாள்தான். என் கல்யாணத்துக்கு அவர் செய்த சீர்களில் அதுதான் பெரிது.