நனையாத கை

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். பாஸ்டர், அவர் மனைவி, தோட்டத்துக்காரர், என்னோடு ஞானஸ்நானம் எடுத்த பால் சொசைட்டி அக்கா, என் வீட்டுக்காரர், நான். இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் பிறகு ஒவ்வொருவராகத் தேடிப் போய் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது.

மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு தக்காளித் தோட்டம். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி, இடுப்பளவு தண்ணீர். எங்கள் சபையில் உடம்பு முழுக்க முங்கித்தான் ஞானஸ்நானம். பாஸ்டர் என் முதுகைத் தாங்கிப் பின்பக்கமாகச் சாய்த்தார். பயத்தில் என் வலது கை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எழுந்ததும் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் கையைப் பார்த்தேன். மற்றதெல்லாம் சொட்டச் சொட்ட, மணிக்கட்டிலிருந்து விரல்வரை மட்டும் காய்ந்து கிடந்தது. உள்ளங்கையில் விளிம்புச் சுண்ணாம்பு தூளாகவே ஒட்டியிருந்தது.

நான் ஆறாவதோடு நின்றவள். படித்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்களோ தெரியாது. கூட்டங்களில் கேட்பார்கள், "இன்னைக்கே செத்தா பரலோகம் போவீங்கன்னு நிச்சயம் இருக்குதா?" எல்லாரும் கை தூக்குவார்கள். நான் அந்தக் கையைச் சேலைக்குள் வைத்துக்கொள்வேன். பாலக்கோடு மண்டிக்குப் போகும் தக்காளிக் கிரேட்டில் அடியில் சொத்தையைப் போட்டு மேலே நல்ல பழத்தை அடுக்கியது அந்தக் கைதானே. கழுவ வேண்டியது அதுதான். அதுதான் வெளியே நின்றுவிட்டது.

கையும் முங்கியதா என்று பாஸ்டரிடம் கேட்டேன். "முழுசாத்தான் முங்கினீங்க சிஸ்டர். முக்குனதே நானு."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "இல்லீங்க, கை வெளியதான் இருந்துச்சு. நான் பாத்தேன்" என்றார்.

"பாத்துட்டு ஏம்மா சொல்லல?" என்றார் பாஸ்டர்.

"கைதானே, போவட்டும்னு வுட்டுட்டேன்."

பாஸ்டர் அவரை முறைத்தார்.

தோட்டத்துக்காரர், கண்ணை மூடி ஜெபத்தில் இருந்ததாகச் சொன்னார். பால் சொசைட்டி அக்கா சிரித்தே விட்டார். "மூக்குல தண்ணி ஏறி நானே செத்துப் பொழச்சேன். உன் கைய எவ பாத்தா? ஒரு சொம்புத் தண்ணில கைய மட்டும் வுட்டு எடு, போ."

கிண்டலுக்குத்தான் சொன்னார். நான் வீட்டில் அப்படியே செய்தேன். செய்த பிறகு, ஆண்டவரைக் கேலி பண்ணிவிட்டேனோ என்று இன்னொரு பயம் சேர்ந்துகொண்டது.

வீட்டுக்காரரை மட்டும் நான் கேட்கவில்லை. அவர் சபைக்கு வராதவர். என்னை வண்டியில் கொண்டுபோய்க் கூட்டிவரத்தான் அன்று வந்தார். விசுவாசம் இல்லாதவர் சாட்சி எப்படிச் செல்லும்?

இரண்டு வருஷம் இப்படிப் போனது. இந்தக் கோடையில் தோட்டத்து போர்வெல் வற்றிவிட்டது. தொட்டியில் பாசிதான் இருந்தது. தோட்டத்துக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு, நானே ஒரு டேங்கர் தண்ணீரை வரச் சொல்லித் தொட்டியை நிரப்பினேன். அதற்கப்புறம்தான் பாஸ்டருக்கு போன் போட்டேன். மனைவியோடு வந்தவர் தொட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டாந் தரம் குடுக்க மாட்டேன் சிஸ்டர். குடுத்தா மொதல்ல குடுத்தது பொய்யின்னு ஆயிடும்."

"கை நனையலீங்களே ஐயா."

"தண்ணிதான் வந்துடுச்சே, முக்கிட்டுதான் போங்களேன்" என்றார் அவர் மனைவி.

என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டிமேல் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அப்போது இறங்கி வந்தார். "ஊர்ல எல்லாத்தையும் கேட்ட. என்னைய ஏன் கேக்கல?"

"நீங்க என்னத்தப் பாத்தீங்க?"

"உன் கைய நான் பாக்கல. நீ உள்ள போனதும், இந்த மனுசன் வுட்டுடுவாரோன்னு அவரு கையத்தான் பாத்துக்கினு இருந்தேன். வுடல. மேல தூக்குற வரைக்கும் வுடல."

இரண்டு வருஷமாக நான் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பிடித்திருந்த கை ஒன்று உண்டு என்பது நினைவுக்கே வரவில்லை. அது பாஸ்டர் கைதானே, ஆண்டவர் கையா என்று உடனே மனசு கேட்டது. நம்பாத ஒருவர் வாயிலிருந்து எனக்கு நிச்சயம் எப்படி வரும் என்றும் கேட்டது. ஆனால் நான் மேலே வந்தது விளிம்பைப் பிடித்ததால் அல்ல. அது மட்டும் தெரிந்தது. கால் தானாகத் தொட்டியை விட்டுப் பின்னால் வந்தது.

"அப்ப எறங்கலீங்களா?" என்று கேட்டு, தோட்டத்துக்காரர் வால்வைத் திறந்து தண்ணீரைத் தக்காளிக்கு விட்டார். "குடிச்சது என் செடி. காச நானே குடுத்துடறேன்" என்றார்.

"வேணாங்க, வரச் சொன்னது நானு."

டேங்கர் ஆயிரத்து இருநூறு. கையில் இருந்த எழுநூறை டேங்கர்காரரிடம் கொடுத்தேன். இன்னும் ஐந்நூறு ரூபாய் பாக்கி.