ஐந்நூறு முறை மடக்கிய கால்

சென்ற ஞாயிறு, காலை ஏழு மணி பத்து நிமிடம். வல்லம் வடகாலில், இன்னும் தொழிற்சாலை எழும்பாத ஒரு காலி மனை. என் குட்டி ஜெட் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. கீழே நான்... ரிமோட்டும் கையுமாக, வியர்த்துப்போய்.

இறக்க முடியவில்லை. இடது சக்கரம் பாதியில் நிற்கிறது!

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இரண்டரை அடி இறக்கை கொண்ட ஃபோம் விமானம் அது. ஆறு மாதமாக நானே ஒட்டி ஒட்டிச் செய்தது. பறக்கும்போது சக்கரக் காலை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டால்தானே ஜெட்டுக்கு அழகு? அதற்காகவே மோட்டார் வைத்த மடங்கும் கால்கள் வாங்கினேன். மூன்றும் சேர்த்து எண்பத்தாறு கிராம் – சமையலறைத் தராசில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்தேன். இறக்கையில் குழி வெட்டி, ஸ்க்ரூ முடுக்கி, மாட்டியும் விட்டேன்.

மாட்டியதும் பறக்கவிட வேண்டியதுதானே? அது எப்படி! ஒரகடத்து ஃபேக்டரி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் இருப்பவன் நான். டைனிங் டேபிளில் ஜெட்டை மல்லாக்கப் போட்டு, காலை மடக்கி, நீட்டி, மடக்கி, நீட்டி... ஐந்நூறு முறை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக். நான்கு நாள் ஆயிற்று.

"ஏங்க, அது எப்ப காலை ஆட்டி முடிக்கும்? நான் இட்லியை எங்க வைக்கிறது?" என்றாள் மனைவி.

ஐந்நூறிலும் பழுதில்லை. பெருமையோடு பறக்கவிட்டேன். மூன்று காலும் அழகாக உள்ளே போயின. இறக்கும் நேரத்தில் சுவிட்சைத் தட்டினால், இரண்டுதான் முழுதாக வந்தன. பேட்டரி இன்னும் ஒரு நிமிடம் தாங்கினால் அதிகம்.

"சார், இன்னா பாத்துகினு கீறீங்க? ரெண்டையும் உள்ள இழுத்துட்டு வயித்துல எறக்குங்க!" – கத்தியவர் முனுசாமி. எங்கள் மெயின்டனன்ஸ் ஆள், என் வயதுக்காரர். வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"அந்த ஒரு கால் நீட்டிக்கிட்டு நிக்குதேய்யா!"

"பிச்சிகினு போவட்டும் சார். பிளேனாவது மிஞ்சும்!"

இழுத்தேன். இறக்கினேன். புல்லில் சறுக்கியது. கால் பிய்ந்து தனியே உருண்டது. ஜெட் பிழைத்துக்கொண்டது... வயிற்றில் நீளமாக ஒரு கீறலோடு.

முனுசாமி அந்தக் காலைப் பொறுக்கி வந்து, பிரித்துப் பார்த்தார். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். பல் ஒன்றுகூட மிச்சமில்லை.

"எத்தினி வாட்டி சார் மடக்குனீங்க?"

"ஐநூறு."

"நம்ம கம்பெனில அப்டி டெஸ்ட் பண்ண பீஸை இன்னா பண்ணுவோம்?"

"ஸ்கிராப்ல போடுவோம்."

"நீங்க பறக்க வுட்டுக்கீறீங்க!"

சோதித்த பீஸை அனுப்பாதே என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! என்னிடம் இருந்ததோ ஒரே செட். அது உழைக்குமா என்று பார்ப்பதிலேயே அதன் உழைப்பையெல்லாம் தீர்த்துவிட்டேன். சந்தேகம் சில சமயம் தப்பைக் கண்டுபிடிப்பதில்லை... தானே உண்டாக்குகிறது.

புது செட் நேற்று வந்தது. இந்த முறை ஒரே ஒரு தடவைதான் மடக்கிப் பார்த்தேன்.

சரி... பதினான்கு.