ஷார்ஜாவுக்குப் போன குருமாப் பொடி

திருத்துறைப்பூண்டியில் ஆசியாவின் தெருவில் கல்யாணம் என்றால் குருமாப் பொடி அவள் வீட்டிலிருந்துதான் போகும். கணவர் ஹாஜா மைதீன் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் கிளம்பியதும் ஆசியா வாணலியை அடுப்பில் ஏற்றுவாள். மல்லி, சோம்பு, சீரகம் என்று ஒவ்வொன்றாக வறுப்பாள். கசகசாவை மட்டும் அடுப்பை அணைத்தபிறகு, வாணலியில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே புரட்டி எடுப்பாள். கருகினால் கசந்துவிடும். குருமா கெட்டியாக வருவது கசகசாவால்தான் என்பாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஐப்பசியில், அவளுக்குப் பால் ஊற்றும் பக்கத்து ஊர் செந்தாமரை பொடி கேட்டாள். செந்தாமரையின் புருஷன் அன்பரசன் கட்டட வேலைக்கு ஷார்ஜா போகிறான். அவர்கள் தெருவிலிருந்து விமானம் ஏறும் முதல் ஆள் அவன். அங்கே ஆறு பேர் ஓர் அறையில் தங்கித் தாங்களே சமைக்க வேண்டுமாம். ஆசியா இரண்டு கிலோ அரைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மெழுகுவர்த்திச் சுடரில் வாயை ஒட்டிக் கொடுத்தாள். தூரதேசம் போகிறவனாயிற்றே என்று கசகசாவை ஒரு பிடி கூடவே சேர்த்திருந்தாள்.

அன்பரசன் சென்னைக்குப் பஸ் ஏறிய மறுநாள் காலை, பக்கத்துத் தெரு சபிஹா வந்தாள். கல்யாணமாகி நான்கு மாதம்தான். மாப்பிள்ளை சவூதியில், தமாமில். அவருக்கு அனுப்பப் பொடி வேண்டும் என்றவள், போகிற போக்கில் ஒன்று சொன்னாள்.

"கசகசா மட்டும் போட்டுடாதீங்க மாமி. அது அபின் செடியோட விதையாம். அங்கல்லாம் தடை. இவங்களோட வேலை பாக்குற ஒருத்தரை ஏர்போர்ட்லயே புடிச்சு உள்ள வச்சுட்டாங்களாம்."

ஆசியா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். ஷார்ஜாவிலும் அப்படித்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் சபிஹா.

கடைக்கு ஓடினாள். ஹாஜா மைதீன் பஞ்சர் ஒட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பொடியா அரைச்சாச்சு. அதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப்போவுது? நீயாப் போய்ச் சொல்லி அந்தப் பொண்ணு வயித்துல புளியக் கரைக்காத."

அதை நம்பத்தான் அவளுக்கும் ஆசை. வீட்டுக்கு வந்து மிக்ஸி ஜாரைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். அரைபடாத வெள்ளை மணிகள் நாலைந்து உள்ளங்கையில் விழுந்தன. அதற்குமேல் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை.

டவுன் பஸ் பிடித்து செந்தாமரையின் ஊரில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தாள். சம்பா வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் செந்தாமரை தன்னைத் திட்டித் தீர்த்துவிடுவாள் என்று பயந்தாள். ஆனால் செந்தாமரை கைச் சேற்றோடு வரப்பேறி வந்து, குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எத்தன வருசம் போடுவாங்கக்கா?" என்றாள்.

அவன் எங்கே தங்கியிருக்கிறான், போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள் ஆசியா.

அன்பரசன் சென்னை மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான். அன்று ராத்திரிதான் விமானம். லாட்ஜ் நம்பரை எடுத்துக்கொண்டு இருவரும் டவுனுக்கு வந்து, துரைராசுவின் எஸ்டிடி பூத்துக்குள் நுழைந்தார்கள். மூன்று முறை லைன் கிடைக்கவில்லை. நான்காம் முறை மேனேஜர் எடுத்தார். அன்பரசன் டிக்கெட் வாங்க ஏஜெண்டு ஆபீசுக்குப் போயிருக்கிறான், நாலு மணிக்கு வந்து பையை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்றார். பொடியில் கசகசா இருக்கிறது, எடுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள் என்று ஆசியா இரண்டு தடவை சொன்னாள். அவர் "விதைதானே, சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

எழுதிக்கொண்டாரா, மறந்துவிடுவாரா? கால் மணி கழித்து மறுபடி கூப்பிட்டாள். அவர் எரிந்து விழுந்தார். மூன்றாம் தடவை மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மூன்று நாள் தகவலே இல்லை. செந்தாமரை காலையில் வந்து பாலை ஊற்றுவாள், இருவரும் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆசியா சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவாள். தொழுகையில் உட்கார்ந்தால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் அந்தப் பையை யாரோ கத்தியால் கிழித்தார்கள்.

நான்காம் நாள் காலை, செந்தாமரை பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது துரைராசுவே சைக்கிளில் வந்தார். ஷார்ஜாவிலிருந்து போன், பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிடுவான் என்றார். இருவரும் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்கள். செந்தாமரை ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு ஆசியாவிடம் நீட்டினாள்.

"ஊருலேந்து போனு, வெத எதுவும் கொண்டுபோவக் கூடாதாம்னு லாட்ஜுல சொன்னாங்கக்கா," என்றான் அன்பரசன். "எது வெதன்னு எனக்கென்ன தெரியும்? ஒங்க பொடி, எள்ளுருண்டை, வெந்தயம், அம்மா கட்டிக்குடுத்த உளுந்து, எல்லாத்தையும் அங்கயே வச்சுட்டேன். இங்க பையக் கொட்டி சோப்பக்கூட மோந்து பாத்தாங்க. மூணு நாளா குப்பூஸ் ரொட்டியும் தயிருந்தான்."

ஆசியா ரிசீவரைச் செந்தாமரையிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அதன்பிறகு வெளிநாட்டுப் பொடிக்கு வெள்ளரி விதையும் முந்திரியும் சேர்த்துப் பார்த்தாள். முதலில் பச்சை வாடை அடித்தது. விதையை வெயிலில் காயவைத்து லேசாக வறுத்ததும் குருமா கெட்டிப்பட்டது. அதற்கென்று தனி ஜார் வாங்கினாள். அரைத்ததைக் கறுப்புத் துணியில் கொட்டி, ஒரு கசகசா மணியாவது கிடக்கிறதா என்று விரலால் துழாவிப் பார்த்தபிறகே பையில் போடுவாள். இத்தனை பதற்றத்தோடு எதற்கு, விட்டுவிடேன் என்றார் ஹாஜா மைதீன். அவள் விடவில்லை. தெருவில் மாதம் ஒருவர் விமானம் ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரும் போய் இறங்கிய செய்தி வரும்வரை ஆசியாவுக்குச் சோறு இறங்காது.