பரணில் நான்கு குட்டிகள்

சித்திரையில் யுத்த விமானங்கள் குண்டு போடும் என்று பட்டணம் காலியானபோது நாங்களும் கிளம்பினோம். என் மனைவி கமலாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம். மாமனார் ஊருக்குப் போனோம். திண்டிவனத்திலிருந்து ஒன்பது மைல் உள்ளே. ஆடி முதல் வாரத்தில் நான் மட்டும் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து திரும்பினேன். ஊர் திரும்ப நினைக்கும் சிலர் விவரம் கேட்டு எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

போன காரணம் இது. கிராமத்து மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துக் குழந்தை குறுக்கே கிடக்கிறது என்றாள். தானே திரும்பிக்கொள்ளும் என்றும் சொன்னாள். கமலா அதை நம்பவில்லை. ஆழ்வார்பேட்டை லேடி டாக்டரைக் கேட்டு வரவேண்டும், வீடு குடியிருக்கும் நிலையில் இருக்கிறதா என்றும் பார்த்து வரவேண்டும்.

விடியுமுன் நாலு மணிக்கு மாட்டுவண்டி. திண்டிவனத்தில் ஏழே முக்கால் பாசஞ்சர். மூன்றாம் வகுப்பு ஒன்றேகால் ரூபாய். எழும்பூர் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. லஸ் வரை டிராம், வழியில் ஒரு முறை மாறவேண்டும். கூட்டமே இல்லை. கண்டக்டர் என்னைப் பார்த்து, எல்லோரும் போகும்போது நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.  லஸ்ஸிலிருந்து தெருவுக்கு அரை மைல் நடை. பூட்டிய கதவுகள். வாசல்களில் கோலம் இல்லை.

மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தேன். சோறு வடித்த வாசனை. யாரோ உள்ளே சமைத்துக்கொண்டிருப்பதுபோல. அடுப்பில் சாம்பல்கூட இல்லை.

தெருமுனையில் மெத்தை தைக்கும் காதர் பாய் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. சாவிச் சத்தம் கேட்டு வந்தார். அது மரநாயின் வாசனை, அதன் உடம்பே சோறு போல மணக்கும் என்றார்.

"ஊரே காலி பண்ணிகினு பூட்ச்சி சார். இது ஒண்ணுதான் குடி வந்துகீது. வாடகை கேட்டுப் பாரேன்."

அது சினையாக இருந்ததிலிருந்தே அவர் பார்த்திருக்கிறார். வயிறு தொங்க, எங்கள் கொல்லைச் சப்போட்டா மரத்தில் மெதுவாக ஏறுமாம். ஒரு வாரம் தெருவில் மூன்று வீட்டுப் பரணை மாற்றி மாற்றிப் பார்த்ததாம். கடைசியில் எங்கள் பின்னறையைத் தேர்ந்தது. கமலாவின் பிரசவத்துக்கென்று நாங்கள் ஒழித்து வைத்திருந்த அறை.

ஏணி வைத்துப் பார்த்தேன். பழைய மெத்தையைக் கிழித்துப் பஞ்சை இழுத்துக் குழியாக்கியிருந்தது. நான்கு குட்டிகள், சாம்பல் நிறம், கண் திறக்காதவை. எச்சம் எதுவும் இல்லை. தாய் நக்கியே சுத்தம் செய்துவிடுமாம். அது தின்ற பழக்கொட்டைகள் மொட்டை மாடியின் ஒரு மூலையில் மட்டும் குவிந்து கிடந்தன.

"பத்து நாள் பொறுத்துக்க சார். கண்ணு தொறந்தா அதுவே இட்டுகினு பூடும்."

மாலை ஐந்து மணிக்கு ஆழ்வார்பேட்டை. ஒரு மைல் நடந்தேன். டாக்டர் ஊரிலேயே இருந்தார். குறுக்கே கிடக்கும் குழந்தையைக் கிராமத்தில் எடுக்க முடியாது, இந்த வாரத்துக்குள் அழைத்து வந்துவிடு, படுக்க வைத்துக் கொண்டு வா என்றார். 

மறுநாள் காலை பத்து மணிக்குக் கமலாவுக்குக் கடிதம் போட்டேன். வியாழக்கிழமை தம்பியுடன் புறப்படு. டாக்டர் சொல்லிவிட்டார்.

இனி அறை வேண்டும். பத்து நாள் இல்லை. பரணுக்குக் கீழே சட்டியில் தணல் வைத்துச் சாம்பிராணி போட்டேன்.

கால் மணி நேரத்தில் தாய் ஒரு குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு பின்னறை ஓட்டு இடுக்கு வழியாக வெளியே வந்தது. நல்ல வெயில். சப்போட்டா மரத்தில் இறங்கிப் பின்சுவர் மீது போயிற்று. திரும்பி வந்தது. இரண்டாவது. மூன்றாவதை எடுத்துப் போகும்போது சுவரில் ஒரு தடவை நின்றது. பிறகு வரவில்லை.

தணலை அணைத்தேன். நாலாவது குட்டி கத்திக்கொண்டிருந்தது. ஏணியடியில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். புகை அடங்கிய அறையில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பிள்ளை பெறும் நேரத்தில் இடம் மாற்றினால் ஒன்று விடுபட்டுப் போகும். கமலாவை ஒரு முறை மாற்றிவிட்டோம். இரண்டாம் முறை கூடாது.

தபாலாபீசுக்குப் போய்ப் பத்தணா கட்டித் தந்தி கொடுத்தேன். புறப்பட வேண்டாம். வீடு சரியில்லை.

குட்டியை எடுத்துப் பால் விடலாமா என்று பாயைக் கேட்டேன்.

"தொடாத சார். நீ மொதல்ல கெளம்பு. மனுசன் குந்திகினு இருந்தா அது எப்டி வரும்?"

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை வண்டியில் திரும்பினேன்.

தந்தி எனக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. கடிதம் எனக்குப் பின்னால் வந்தது. கமலா அதை என் எதிரில் பிரித்துப் படித்தாள்.

"டாக்டர் வரச்சொல்லியிருக்காளே. நடுவுல என்ன ஆச்சு?"

மரநாயைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை. பட்டப்படிப்பில் உயிரியல் படித்தவன். வீடு குடியிருக்கும் நிலையில் இல்லை என்றேன். அவள் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டாள். நம்பினாள்.

மூன்று வாரம் கழித்து வலி கண்டது. இரண்டு நாள். குழந்தை திரும்பவில்லை. திண்டிவனத்திலிருந்து டாக்டரை வண்டியில் அழைத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பெண். அழவில்லை. கமலா பிழைத்தாள்.

ஐப்பசியில் நான் மட்டும் பட்டணம் வந்தேன். கதவைத் திறக்கும்போதே பாய் எதிரில் வந்து நல்ல சேதி போலச் சொன்னார். நான் ரயில் ஏறிய அன்று, வீடு அரவமில்லாமல் ஆனதும், தாய் வந்து நாலாவதையும் கொண்டுபோயிற்றாம். நான்கையும் பிறகு பூட்டிக் கிடந்த வேறொரு வீட்டுக் கூரைமேல் அவர் பார்த்தாராம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டார்.

இப்போது வருகிறவர்களுக்கு: காலைப் பாசஞ்சரில் இடம் கிடைக்கிறது. அரிசியும் மண்ணெண்ணெயும் கையோடு கொண்டுவாருங்கள். கதவைத் திறந்ததும் பரணைப் பாருங்கள். குட்டிகள் இருந்தால் அந்த அறையை விட்டுவிட்டு வேறு அறையில் படுங்கள். வீட்டில் அறைகள் இருக்கும். எங்கள் வீட்டிலும் இரண்டு காலியாக இருந்தன.

கர்ப்பிணி இருந்தால் இரண்டாம் வகுப்பில் கீழ்ப் பலகை கேட்டு வாங்குங்கள். ஆழ்வார்பேட்டை டாக்டர் காலை எட்டு முதல் பத்து வரையும் மாலை ஐந்துக்கு மேலும் பார்க்கிறார். அவர் வரச் சொன்னால் அழைத்து வந்துவிடுங்கள். கமலா இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். வா என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.